வெறும் வயிறு

வீரபாகுவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் லில்லி சிரித்துவிட்டாள். "அவரப் பத்தி எழுத என்னா டாக்டர் இருக்குது? வந்தாரு, உக்காந்தாரு, போனாரு" என்றாள். லில்லி என் கிளினிக்கில் நர்ஸ். அவள் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். அந்த மனிதர் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சும் ஒரு பக்கத்துக்கு வராது. வளவளவென்று பேசுகிறவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

நான் குழந்தைகளுக்கு மட்டும் பல் வைத்தியம் பார்ப்பவள். காஞ்சிபுரத்தில் எனக்குக் 'கத்துற டாக்டரம்மா' என்று பெயர். வாலாஜாபாத்தில் எங்கள் அப்பா நெல் அரவை மில் வைத்திருந்தார். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குடும்பம் எங்களுடையது. பால் புட்டியோடு பிள்ளையைத் தூங்கப் போடும் அம்மாக்களும், அழுகையை நிறுத்த மிட்டாயைத் திணிக்கும் அப்பாக்களும் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். ஆனாலும் அடுத்த முறையும் என்னிடமே வருவார்கள், அதுதான் வேடிக்கை.

வீரபாகு பட்டு நெசவாளி, பிள்ளையார்பாளையத்துக்காரர். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. அவருடைய பெண் ஏலவார்குழலிக்கு ஆறு வயது, வீட்டில் குழலி. முதல் முறை வந்தபோது குழந்தையின் வலது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. அவரோடு அவருடைய அக்கா நீலாம்பாளும் வந்திருந்தார். அதே தெருவில் குடியிருந்துகொண்டு குழலியை வளர்ப்பது அந்த அம்மாள்தான். வியாதியை விவரித்தது, மாத்திரைப் பெயர்களைச் சொன்னது, இதற்கு முன்னால் பார்த்த இடத்தில் கை ஒருவர் கால் ஒருவர் என்று குழந்தையைப் பிடித்து அழுத்தியும் பல்லைப் பிடுங்க முடியாமல் போனதைச் சொன்னது, எல்லாம் நீலாம்பாள்தான். வீரபாகு சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

குழலி வாயைத் திறக்கவில்லை. நான் கெஞ்சினேன், கொஞ்சினேன், என் வாயைத் திறந்து காட்டினேன். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே முறைத்தாள். ஒரு வழியாக லில்லியின் மடியில் உட்காரவைத்து எட்டிப் பார்த்ததில் மேல்வரிசைக் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகி, அடியில் சீழ் கோத்திருந்தது. எடுத்தே ஆக வேண்டிய பல் அது.

பிள்ளையை அமுக்கிப் பிடித்துப் பல் எடுப்பது எனக்கு அறவே பிடிக்காத காரியம். அன்றைக்குப் பல் வந்துவிடும், ஆனால் பயம் ஆயுசுக்கும் போகாது. அதனால் வீரபாகுவிடம் நைட்ரஸ் ஆக்சைடு பற்றிச் சொன்னேன். ஆக்சிஜனோடு கலந்து வரும் வாயு அது. மூக்கின்மேல் சின்ன மாஸ்க் வைப்போம். குழந்தை தூங்காது, கூப்பிட்டால் பதில் சொல்லும். பயம் மட்டும் விலகும், கை கால் இலேசாகும், ஊசி போட்டால் பெரிதாகத் தெரியாது. முடிந்ததும் கொஞ்ச நேரம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். இதையெல்லாம் சொல்லி மாஸ்க்கை எடுத்துக் காட்டினேன்.

அப்போதுதான் அவர் யானையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"மயக்க மருந்தா?"

"மயக்கமெல்லாம் இல்லைங்க. பயத்தக் குறைக்கிற கேஸ்."

"மூக்குல வச்சி இழுக்கறதுதான?"

"ஆமா."

"வேணாம் டாக்டரம்மா" என்றார். பிறகு, கத்திரிக்காய் விலை சொல்வதுபோல், "இவ அம்மா அப்பிடித்தான் பூட்டா" என்றார்.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகு நீலாம்பாள் பின்தங்கி நின்று சொன்னார். வீரபாகுவின் மனைவி இளவரசிக்குப் பித்தப்பையில் கல். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேர்த்தார்கள். மாஸ்க் வைத்து மயக்கம் கொடுத்தார்கள், அவள் திரும்பக் கண் விழிக்கவே இல்லை. மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்று தெருவே பேசியது. இது நடந்து இரண்டு வருஷமாகிறது.

"காரியம் முடிஞ்ச மறுநாளே தறியில எறங்கிட்டான் மேடம். ஒரு பொட்டு கண்ணீர் இல்ல. அழுதுடுடா, ஒரு தபாவாவது அழுதுடுன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். வரலக்கான்றான். சோறு போட்டா துன்றான். போடலன்னா கேக்க மாட்டான்" என்றார்.

நெசவு நிற்கவில்லை. புடவைகள் குறித்த நாளில் வந்துகொண்டிருந்தன, கரையில் ஒரு பிசகும் இல்லை என்று முதலாளிக்கே ஆச்சரியமாம். குழந்தைக்குத் தலை வாரிவிடுவார், பள்ளிக்கூடத்தில் விடுவார், அழைத்து வருவார். குழலி ஏதாவது கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் சும்மா இருப்பார். நீலாம்பாள் இதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. பெண்டாட்டி போன துக்கம் பெரியதுதான், அதற்காகப் பெண்ணின் கன்னத்தைச் சீழ் பிடிக்கவா விடுவது என்று நினைத்தேன். அந்த அம்மாளிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

வீக்கத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தேன். வற்றியது. மருந்து முடிந்ததும் மறுபடியும் வீங்கியது. மறுபடியும் மருந்து, மறுபடியும் வீக்கம். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கூடுதலாக, காய்ச்சலோடு வந்தது. கடைசியில் அவரை எதிரில் உட்காரவைத்துக் கத்தினேன். "இது பல்லுலயே இருக்கும்னு நெனைக்காதீங்க. கண்ணுக்கு ஏறும், ரத்தத்துல கலக்கும். அப்புறம் பாப்பாவ மெட்ராஸுக்குத் தூக்கிக்கிட்டு ஓடணும். அங்க போனா இந்தக் கேஸ் இல்ல, முழு மயக்கம்தான். அதுக்குச் சம்மதமா?"

முழு மயக்கம் என்ற சொல்லைக் கேட்டு அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. கைவிரல்கள் மட்டும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. நீலாம்பாள் அவர் தோளில் கை வைத்து, "கொழந்தயப் பாருடா" என்றார். அவர் குழந்தையைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

அடுத்த வாரம் ஒரு நாளைக் குறித்தோம். செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லி அனுப்பினேன். முக்கியமாக ஒன்றை அழுத்திச் சொன்னேன். "காலையிலேர்ந்து பாப்பாவுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. வயிறு காலியா இருக்கட்டும். இல்லன்னா கேஸ் போறப்ப குமட்டும்." அவர் தலையாட்டினார். தலையாட்டும் அப்பாக்களை நான் நம்புவதில்லை. ஆனால் இவரை நம்பினேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர் என்று பார்த்தாலே தெரியும்.

அன்றைக்குக் கிருத்திகை. அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. வீரபாகு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். குழலிக்கும் விபூதி, அதன்மேல் குங்குமம், தலையில் ஒரு துண்டு கதம்பம். நீலாம்பாள் வரவில்லை.

"பாப்பா எதனா சாப்ட்டாளாண்ணா?" என்று லில்லி கேட்டாள்.

"இல்லமா."

நானும் கேட்டேன். "பால், பிஸ்கட்டு, எதாவது?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டரம்மா."

குழந்தையைக் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் அவள் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை என்ற முடிவில் இருந்தாள்.

நாற்காலியில் சாய்த்தோம். மாஸ்க்கில் ஸ்ட்ராபெரி வாசனை வரும், அதை மோந்து பார்க்கச் சொல்லி லில்லி ஆசை காட்டினாள். முதலில் வெறும் ஆக்சிஜன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரஸ். மெஷினில் ஒரு ரப்பர் பை தொங்கும். குழந்தை மூச்சு விடவிட அது உப்பி அடங்கும். வீரபாகு கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து குழலியின் கால் கட்டைவிரலைப் பிடித்திருந்தார். அவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பை உப்பும்போது அவரும் மூச்சை இழுத்தார், அடங்கும்போது விட்டார். தனக்குத் தெரியாமலே செய்தார் என்று நினைக்கிறேன்.

குழலியின் தோள்கள் தளர்ந்தன. பொத்திய கைகள் தானாகவே மடியில் இறங்கின. "காலு மேல போவுது" என்றாள். எங்களிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. ஊசி போட்டேன், புருவம்கூட நெளியவில்லை. பல் மரத்துப்போகட்டும் என்று காத்திருந்தபோது அவள் எச்சிலை விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். முகம் வெளுத்தது. எனக்குப் புரிந்துவிட்டது. லில்லி என்று நான் கூப்பிடுவதற்குள் லில்லி மாஸ்க்கை எடுத்துத் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

வாந்தி எடுத்தாள். உறிஞ்சு குழாயால் வாயைச் சுத்தம் செய்தோம், ஆக்சிஜனை மட்டும் கொடுத்தோம். குழந்தை விழித்துத்தான் இருந்தாள், நன்றாக இருமினாள், பிறகு ஓவென்று அழுதாள். இந்த முறையில் அதுதான் பாதுகாப்பு. நினைவு போகாததால் பிள்ளை தானே இருமி வெளியே தள்ளிவிடும். ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

குழலியின் கழுத்தில் கட்டியிருந்த துணியில் சாதமும் பருப்பும் மிளகும் முந்திரிப் பருப்பு ஒன்றும் கிடந்தன.

"சாப்பிடலன்னு சொன்னீங்களே" என்று கத்தினேன்.

"சாப்டல டாக்டரம்மா."

"அப்ப இது என்ன? நான் எடுத்த வாந்தியா?"

அவர் எழுந்து வந்து துணியைக் குனிந்து பார்த்தார். "இது பிரசாதம்" என்றார்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. எனக்குத்தான் விஷயம் தெரியாது என்பதுபோல், நிதானமாக விளக்கினார். "கிருத்திகை வெரதம் இருந்தாக்கூட பிரசாதம் சாப்டலாம் டாக்டரம்மா. அது சாப்பாட்டுல சேராது. எங்க வூட்டுல நல்லது கெட்டது எதுக்குப் போனாலும் குமரக்கோட்டத்துல அர்ச்சன பண்ணி, பிரசாதம் வாய்ல போட்டுக்கினுதான் கெளம்புவோம். ஒரு தொன்ன பொங்கலு. அவ்ளோதான். வேற தண்ணிகூட குடுக்கல."

நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற சுபாவம் எனக்குக் கிடையாது. "சாமிக்கு அது பிரசாதம், வயித்துக்கு அது பொங்கல்தாங்க. இந்தக் கேஸா இருக்கப்போய் இருமித் துப்பிட்டா. முழு மயக்கத்துல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? இரும முடியாது. வந்த வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயி, அப்படியே நுரையீரல்ல எறங்கி…"

அவர் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

"நுரையீரல்லயா?" என்றார்.

"ஆமா."

"நுரையீரல்ல எறங்கிச்சின்னுதான் சொன்னாங்கோ."

லில்லி குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பிறகு சட்டென்று குழலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பொம்மை காட்டுகிறேன் என்று வெளி அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் என்னைவிட விவரம் அதிகம்.

வீரபாகு நின்றபடியே சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அன்னிக்கி விடிகாலயில நான் கோயிலுக்குப் போயிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்கோ. நான் காப்பிகூட வாங்கித் தரல. விபூதி பூசிட்டு, தொன்னயில இருந்த பொங்கல குடுத்தேன். ராத்திரிலேர்ந்து பசிக்குதுன்னுக்கினு இருந்தா. மொத்தத்தயும் துன்னுட்டு, நல்லா இருக்குது, நெய் நெறய வுட்டுருக்கான்னா. அப்பறம் உள்ள இட்டுக்கினு போனாங்கோ."

நான் கையுறையைக் கழற்றினேன்.

"அப்பறம் டாக்டருங்க வெளிய வந்து என்னக் கேட்டாங்கோ. என்னா சாப்ட்டாங்க, என்னா குடுத்தீங்கன்னு மாத்தி மாத்திக் கேட்டாங்கோ. ஒண்ணும் குடுக்கலன்னு நான் சொன்னேன். தப்ப மறைக்கத்தான் இப்பிடிக் கேக்கறாங்கன்னு நெனச்சேன். எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லிக்கினு இருக்கறேன்."

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "அதனாலதானா டாக்டரம்மா?"

எனக்கு அந்த நேரத்தில் இரக்கம் வரவில்லை. பயம்தான் வந்தது. அதெல்லாம் இல்லைங்க, அது வேறு, இது வேறு என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் அவர் நம்புவார், இன்று இரவு தூங்குவார். ஆனால் அப்புறம் இளவரசியைக் கொன்றது மாஸ்க்தான் என்று ஆகிவிடும். இந்த நாற்காலியில் இனி அவர் குழந்தையை உட்காரவைக்க மாட்டார். கன்னத்துக்குள் சீழ் இருக்கிறது, அது யாருக்காகவும் காத்திருக்காது. நிஜமாகவே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி நினைக்க என் படிப்பு விடவில்லை.

"இருக்கலாம்" என்றேன். "நான் அங்க இல்ல. நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்."

அவர் தலையாட்டினார். துணியில் கிடந்ததை இன்னொரு முறை பார்த்தார்.

"அப்ப மருந்து ஒண்ணும் பண்ணல" என்றார்.

"வீரபாகு, உக்காருங்க. தெரிஞ்சி செஞ்சது இல்ல இது. உங்களுக்கு யாரும் சரியா…"

"அப்ப பாப்பாவுக்குப் போடுங்க டாக்டரம்மா" என்றார், நான் பேசியது காதில் விழாததுபோல. "இன்னிக்கி வேணாம்னா என்னிக்குன்னு சொல்லுங்க. வெறும் வயித்தோட இட்டுக்கினு வரேன். கேஸால ஒண்ணும் ஆவாது, இல்ல?"

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது லில்லியிடம், "துணியப் பாழாக்கிட்டாம்மா, மன்னிச்சிக்கோ" என்றார். அந்தச் சாதாரணப் பேச்சைத் தாங்க முடியாமல் லில்லி உள்ளே வந்து அழுதாள். நான் அவளையும் திட்டினேன்.

மாலையில் நீலாம்பாளுக்குப் போன் செய்தேன். பொங்கல் விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தம்பி எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன். "எப்பவும் போலத்தான் மேடம். தறியில இருக்கறான். சத்தம் கேக்குதா?" என்று போனை அந்தப் பக்கம் நீட்டினார். தறிச் சத்தம் கேட்டது. விட்டுப்போகாமல், ஒரே சீராகக் கேட்டது. அவரைத் தனியாக விடாதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். அந்த வாரம் முழுக்க யார் மேலும் எனக்குக் கத்தத் தோன்றவில்லை. கிளினிக் அமைதியாக இருந்ததால் பிள்ளைகள்தான் மிரண்டு போனார்கள்.

சொன்ன நாளில் வந்தார். விபூதி இல்லை. லில்லி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார். "நேத்து ராத்திரி ரெண்டு இட்லி குடுத்தது. அதுக்கப்பறம் ஒண்ணும் குடுக்கல. கோயிலுக்குப் போவல." பிறகு, "பிரசாதமும் இல்ல" என்றார். அவர் உதடுகள் காய்ந்திருந்தன. அவரும் எதுவும் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

குழலி இந்த முறை தானாக ஏறிப் படுத்தாள். காலு மேல போனது அவளுக்குப் பிடித்திருந்ததாம். "நான் புடிச்சிக்கட்டா?" என்று வீரபாகு மாஸ்க்கைக் காட்டிக் கேட்டார். வழக்கமாக அதற்கு நான் யாரையும் அனுமதிப்பதில்லை. லில்லி என்னைப் பார்த்தாள், நான் சரி என்றேன். எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று லில்லி காட்டிக்கொடுத்தாள். இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டார். பட்டு இழையை எடுத்து முடிச்சுப் போடுகிற விரல்கள், துளிகூட ஆடவில்லை. இந்த முறை அவர் மெஷினைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டேன், காத்திருந்தேன், பல்லை எடுத்தேன். நேரம் அதிகம் ஆகவில்லை. பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னேன். நைட்ரஸை நிறுத்தி ஆக்சிஜனை மட்டும் விட்டோம். குழலி கண்ணை நன்றாகத் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

வீரபாகு அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை. கண்ணீர் தாடையில் இறங்கி அவர் கைமேல் சொட்டியது. விரல்கள் மட்டும் சொல்லிக் கொடுத்தபடியே மாஸ்க்கைப் பிடித்திருந்தன. லில்லி மெதுவாக அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

குழலி பஞ்சைக் கடித்தபடி கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டாள். "ஏம்ப்பா அழுவுற? எனக்கு வலிக்கவே இல்லப்பா" என்றாள்.

"தெரியும்மா" என்றார் வீரபாகு. "எனக்குத்தான் வலிக்குது."